யசஸ்காமன் என்றால் புகழ் உடையவனா, புகழை நாடுபவனா?

கோலாலம்பூர்ச் செந்தூலிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பிறந்த மகனுக்கு 'ய' எழுத்தில் பெயர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெயர்ப்பட்டியலில் 'யஷஸ்காம்' என்று ஒரு பெயர், எதிரே 'புகழ்' என்று பொருள். மாமியார், "அதுல காமம் வருதே மாப்பிள்ளை, வேண்டாம்" என்கிறார். கோயில் சொற்பொழிவு ஒன்றில் 'லோகேஷணை' என்றால் புகழாசை, அதை விட்டொழிக்க வேண்டும் என்று கேட்ட ஞாபகமும் அவருக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா, பெயரை வைக்கலாமா என்று தகப்பனார் கேட்கிறார். இந்தச் சொல் ஒருவனைப் பாராட்டுகிறதா, குறை சொல்கிறதா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. அது தெளிந்தால் பெயர் விஷயம் தானாகவே தீர்ந்துவிடும்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடலாம். சொல்லின் சரியான வடிவம் 'யசஸ்காம'. அதன் பொருள் 'புகழை விரும்புகிறவன்'. பட்டியலில் 'புகழ்' என்று போட்டிருப்பது தவறு. 'புகழ் பெற்றவன்' என்றும் அதற்குப் பொருள் வராது. விருப்பத்தைக் குறிக்கும் சொல்கூட அல்ல இது. விரும்பும் ஆளைக் குறிப்பது. தமிழில் சொன்னால் புகழ்விரும்பி, அல்லது கொஞ்சம் பழைய நடையில் புகழ் வேட்டவன். இதில் இலக்கணக்காரர் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஏன் அப்படி என்றால், வடமொழித் தொகைச் சொற்களில் 'காம' என்பது கடைசியில் நின்றால் அது பெரும்பாலும் 'இன்னதை விரும்புகிறவன்' என்றே முடியும். நமக்கு நன்றாகப் பழகிய சொல் ஒன்று இருக்கிறது: புத்திரகாமேஷ்டி. புத்திர, காம, இஷ்டி என்று மூன்று சொற்கள். 'புத்திரகாம' என்றால் பிள்ளை வேண்டுபவன், 'இஷ்டி' என்றால் வேள்வி. தசரதர் செய்த யாகம் அது. அவர் அதைச் செய்தபோது பிள்ளை இல்லை, அதனால்தான் செய்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தபின் அவரை யாரும் புத்திரகாமன் என்று சொல்லமாட்டார்கள். 'ஸ்வர்ககாமோ யஜேத', அதாவது சுவர்க்கத்தை விரும்புபவன் வேள்வி செய்க என்பது வேதவாக்கியங்களை ஆராயும் மீமாம்சை படிப்போர் முதலில் கேட்கும் வாக்கியம். அவனும் சுவர்க்கத்தில் இருப்பவன் அல்லன், போக நினைப்பவன். விரும்பிய பொருள் இன்னும் கைக்கு வரவில்லை என்று இலக்கணம் வாய்திறந்து சொல்வதில்லை. ஆனால் சொல் வழங்கும் இடங்களைப் பார்த்தால் அந்த வாடை கூடவே வருகிறது. பெயர் வைக்கப் போகிறவர் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சொல்லைப் பிரிக்கும் முறையையும் காட்டிவிடுகிறேன், அடுத்த பெயருக்கும் உதவும். முதலில் கடைசிச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் தொகையின் தலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இங்கே அது 'காம'. மிச்சம் 'யசஸ்'. இது ஸகர ஈற்றுச் சொல். அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து அந்த 'ஸ்' வேடம் மாறும். 'த', 'வ' போன்ற அதிரும் ஒலிகள் வந்தால் 'யசோ' ஆகும். கண்ணனை வளர்த்த யசோதை இப்படி வந்தவள்தான்: யசஸ், தா, புகழைத் தருபவள். புத்தரின் மனைவி யசோதரை, யசஸ், தரா, புகழைத் தாங்குபவள். பின்னால் 'க', 'ப' வந்தால் பொதுவிதிப்படி 'ஸ்' இருந்த இடத்தில் விசர்க்கம், 'யச:' என்று மூச்சுவிடுவதுபோல் நிற்கும். ஆனால் 'காம' போன்ற சில சொற்கள் வரும்போது வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி ஒரு தனி விதி வைத்திருக்கிறார் (8.3.46). 'க்ரு', 'கம்' என்ற வினையடிகளில் பிறந்த சொற்களும், கும்பம், பாத்திரம் போன்ற சிலவும் பின்னால் வந்தால் அகரத்தை அடுத்த 'ஸ்' அப்படியே நிற்க வேண்டும் என்கிறது அது. அதனால்தான் 'யச:காம' என்று இல்லாமல் 'யசஸ்காம' என்று இருக்கிறது. காதுக்கு நமஸ்காரம், புரஸ்காரம் போல ஒலிக்கும். அவற்றுக்கு விதி வேறு, விளைவு ஒன்று.

பட்டியல்களில் பிழை நுழைவது இரண்டு இடத்தில். சிலர் 'யச', 'ஸ்காம்' என்று வெட்டிவிடுகிறார்கள். 'ஸ்காம்' என்று ஒரு சொல் வடமொழியில் கிடையாது. இன்னும் சிலர் முதல் பாதியின் பொருளை மட்டும் எடுத்து எதிரே எழுதிவிடுகிறார்கள். 'புகழ்' என்று வந்தது அப்படித்தான். எழுத்திலும் ஒரு திருத்தம். நடுவில் இருப்பது 'ஷ' அன்று. வடமொழியில் மூன்று வகை ஸகரம் உண்டு. விஷ்ணுவிலும் கிருஷ்ணனிலும் உள்ளது ஒன்று, சரஸ்வதியில் உள்ளது இன்னொன்று, சிவனிலும் சக்தியிலும் முதலில் உள்ளது மூன்றாவது. யசஸ் என்பதன் நடு எழுத்து சிவனில் உள்ள அந்த மூன்றாவது வகை. அதைத் தமிழ் மரபு 'ச' என்றே எழுதிவந்திருக்கிறது. அகராதியில் தேடுவதாக இருந்தால் 1899-இல் வெளிவந்த மோனியர் வில்லியம்ஸ் பெரிய பதிப்பில் 'யசஸ்' என்ற தலைச்சொல்லின் கீழ் பாருங்கள். 'யஷ' என்று தேடினால் கிடைக்காது.

இனி மாமியாரின் தயக்கம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. வடமொழியில் 'காம' என்பது எந்த விருப்பத்தையும் குறிக்கும் பொதுச்சொல். தமிழிலும் ஒரு காலத்தில் அப்படி இருந்தது. "காமம் வெகுளி மயக்கம்" என்று வள்ளுவர் 360-ஆம் குறளில் சொல்லும்போது உடலின்பம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை, ஆசை முழுவதையும் சொல்கிறார். அதே வள்ளுவர் மூன்றாம் பாலில் அந்தச் சொல்லை ஆண் பெண் காதலுக்கு வைத்திருக்கிறார். இன்றைய பேச்சுத் தமிழில் மிஞ்சியிருப்பது இரண்டாவதன் மிகக் குறுகிய பொருள். அது சொல்லின் குற்றமில்லை. காமாட்சி என்ற பெயரில் யாருக்கும் சங்கடம் இல்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் தன் குலம் தெரியாது என்று குருவிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன பையனின் பெயர் சத்தியகாமன், வாய்மையை விரும்புகிறவன். அதைவிட நல்ல பெயர் கிடைப்பது அரிது. ஆகவே 'காம' இருப்பதால் மட்டும் ஒரு பெயர் கெட்ட பெயர் ஆகாது, எதை விரும்புகிறான் என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆனாலும் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் உட்காரப்போகிறான், மற்ற பிள்ளைகள் இலக்கணம் பார்த்துச் சிரிப்பதில்லை. இலக்கணப்படி மாமியார் சொல்வது சரியில்லை, நடைமுறையில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சரி, பழைய நூல்களில் யசஸ்காமன் எப்படிப்பட்ட ஆளாக வருகிறான்? இரண்டு இடங்களைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது ஐதரேய பிராமணம், ரிக்வேதத்தைச் சேர்ந்த சடங்கு நூல். சோம யாகத்துக்குத் தீட்சை பெறும்போது செய்யும் இஷ்டியில் எந்த யாப்பில் அமைந்த மந்திரங்களை ஓதுவது என்று அதன் முதல் பகுதியில் ஒரு வரிசை வருகிறது. தேஜஸை விரும்புபவனுக்குக் காயத்ரி, 24 அசை. நீண்ட ஆயுளை விரும்புபவனுக்கு உஷ்ணிக், 28 அசை. சுவர்க்கம் விரும்புபவனுக்கு அனுஷ்டுப், 32. அடுத்துத்தான் நம் ஆள்: திருவையும் புகழையும் விரும்புபவன், 'ஸ்ரீகாமோ யசஸ்காம:', அவனுக்கு பிருஹதியில் இரண்டு மந்திரம், 36 அசை. பிறகு வீரம் வேண்டுபவனுக்கு ஒன்று, கால்நடை வேண்டுபவனுக்கு ஒன்று என்று போகிறது. கவனித்துப் பாருங்கள், ஒரு துளி கண்டிப்பும் இதில் இல்லை. மாடு வேண்டும் என்பவனும் புகழ் வேண்டும் என்பவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது கல்வி, திருமணம், தொழில் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுபோல ஒரு வேண்டுதலின் பெயர்தான் யசஸ்காம என்பது. தமிழில் வேட்கையும் வேள்வியும் 'வேள்' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம் முற்றிலும் வேறு. மகாயான பௌத்தர்களின் சத்தர்மபுண்டரீக சூத்திரத்தில், நாம் தாமரைச் சூத்திரம் என்று சொல்வதில், முதல் அத்தியாயத்தில் யசஸ்காமன் என்பது ஒரு ஆளின் பெயராகவே வருகிறது. பழங்காலத்தில் வரப்பிரபர் என்ற போதிசத்துவருக்கு 800 மாணவர்கள். அவர்களில் ஒருவனுக்கு லாபத்திலும் மரியாதையிலும் பேர் வாங்குவதிலும் மட்டுமீறிய நாட்டம். பாடம் சொல்லிக்கொடுத்தால் சொற்கள் அவன் மனத்தில் நிற்காது, மறைந்துவிடும். அதனால் அவனுக்கு யசஸ்காமன் என்றே பெயர் ஏற்பட்டது என்கிறது நூல். இங்கே அது பட்டப்பெயர், பழிப்புதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவனும் நற்செயல்கள் செய்தான், எண்ணற்ற புத்தர்களைக் கண்டு வணங்கினான். அவன் வேறு யாருமில்லை, நீதான் என்று மஞ்சுஸ்ரீ சொல்வது மைத்ரேயரிடம், வருங்காலப் புத்தராகப் போகிறவரிடம். குமாரஜீவர் 406-இல் இதைச் சீனத்தில் பெயர்த்தபோது அந்தப் பெயரை 'சியூமிங்' என்று மாற்றினார். சீனத்தில் 'பெயரைத் தேடுபவன்' என்று பொருள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இந்தச் சூத்திரம் ஓதுகிறவராக இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்.

ஆக ஒரே சொல், ஒரு நூலில் வெறும் வேண்டுதல், இன்னொன்றில் குறைகூறல். சொல்லின் உள்ளே பாராட்டோ பழியோ இல்லை, சொல்லும் மரபு அதைக் கொடுக்கிறது. இதுவரை சொன்னவை மூலநூல்களில் நேராகப் பார்த்துக்கொள்ளக்கூடியவை.

'யசஸ்' என்ற முதற்பாதிக்கு வந்தால் தரை கொஞ்சம் வழுக்கத் தொடங்குகிறது. ரிக்வேதத்தில் முதல் அசையை அழுத்திச் சொன்னால் அது பெயர்ச்சொல், மாண்பு, புகழ்; கடைசி அசையை அழுத்திச் சொன்னால் பெயரடை, மாண்புடைய. இது உறுதி. எந்த வினையடியிலிருந்து வந்தது என்பது உறுதியில்லை. சொற்களுக்கு வேர் காட்டும் பழைய இலக்கண வழியான உணாதி மரபு, பரவுதல் என்ற பொருளுள்ள 'அச்' என்ற அடியோடு ஒரு யகரம் சேர்த்துக் காட்டுகிறது; புகழ் பரவுவதுதானே என்று மனத்துக்குப் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் இன்றைய மொழியியலாளர் அதைத் தீர்ந்த முடிபாக எடுத்துக்கொள்வதில்லை. யசஸுக்கும் கீர்த்திக்கும் வேறுபாடு என்ன என்று பலர் கேட்பதுண்டு. கொடையால் வருவது கீர்த்தி, வீரத்தால் வருவது யசஸ் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இருக்கும்போது ஒன்று, இறந்தபின் ஒன்று என்றும் சொல்வார்கள். இவை விளக்க வசதிக்காகப் போட்ட கோடுகள். அமரகோசம் என்ற வடமொழி நிகண்டு 'யச: கீர்த்தி: ஸமஜ்ஞா ச' என்று மூன்றையும் ஒரே மூச்சில் ஒருபொருட் சொற்களாக வைத்துவிடுகிறது.

கீர்த்தியின் பிறப்பு மட்டும் தெளிவாகத் தெரியும். எடுத்துச் சொல்லுதல், பேர்சொல்லிப் பாடுதல் என்ற அடியிலிருந்து வந்தது. கீர்த்தனையும் அதே குடும்பம். வேதத்தில் புகழுக்கு 'ச்ரவஸ்' என்று இன்னொரு சொல் உண்டு, 'கேட்டல்' என்ற அடி. புகழ் வேண்டுபவன் அங்கே 'ச்ரவஸ்யு'. நாம் மந்திரப் பாட்டுக்குச் சொல்லும் சுலோகம்கூட ஒரு பொருளில் புகழ்தான், நளனுக்குப் 'புண்ணியசுலோகன்' என்று அடைமொழி வந்தது அதனால். சொல்வதும் கேட்பதும்தான் புகழ் என்ற இந்த எண்ணம் தமிழுக்கு அந்நியமில்லை. "ஈதல் இசைபட வாழ்தல்" என்ற இடத்தில் இசை என்றால் புகழ். பாட்டும் இசை, ஓசையும் இசை. இரு மொழிகளும் தனித்தனியே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததாகத்தான் தோன்றுகிறது. ஒன்றிலிருந்து ஒன்று எடுத்தது என்று சொல்லச் சான்று இல்லை.

யசஸ் கோலாலம்பூரில் வேறு உடை போட்டுக்கொண்டு தினமும் நம் முன்னால் நடமாடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலாயில் 'ஜாசா' என்ற சொல் இதிலிருந்து வந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் பெயருக்குப் பின்னால் பி.ஜே.கே. என்று போட்டிருப்பார்கள். அது 'பிங்காட் ஜாசா கெபாக்தியான்' என்ற மாநில விருதுப் பதக்கம். அதில் ஜாசா நம் யசஸ், கெபாக்தியான் என்பதன் நடுவில் இருப்பது நம் பக்தி. வரும் வழியில் பொருள் ஒரு அடி நகர்ந்துவிட்டது: வடமொழியில் புகழ், மலாயில் அந்தப் புகழுக்குரிய தொண்டு. பழைய ஜாவா மொழியிலும் 'யச' என்பது ஒருவர் கட்டிவைத்த அறப்பணியைக் குறித்தது. யகரம் ஜகரமாவது வட இந்தியப் பேச்சுமொழிகளிலும் உண்டு. யசஸ் அங்கே 'ஜஸ்'. இங்கே நமக்குத் தெரிந்த சீக்கியர்களிடையே ஜஸ்வந்த், ஜஸ்பீர் என்று பெயர்கள் இருக்கின்றனவே, அந்த ஜஸ் இதுதான். ஜஸ்வந்த் என்றால் புகழ் உடையவன். பெயர் வைத்தவர்கள் உடைமையைச் சொல்லும் ஈற்றைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், விருப்பத்தைச் சொல்லும் ஈற்றை அல்ல.

இனி 'லோகேஷணை'. முதலில் அதன் சரியான வடிவம் லோகைஷணை. லோக என்பதோடு ஏஷணா, அதாவது நாட்டம் சேர்ந்தால் அகரமும் ஏகாரமும் கூடி ஐகாரம் ஆகும். தமிழில் 'ஈஷணை' என்று சொல்லிப் பழகியதால், அதை வைத்துப் புணர்த்தி லோகேஷணை என்று வந்துவிட்டது. சொல் வருவது பிருஹதாரண்யக உபநிடதத்தில், யாக்ஞவல்கியர் பேச்சில் (3.5.1, பிறகு 4.4.22). புத்திரைஷணை (பிள்ளை நாட்டம்), வித்தைஷணை (செல்வ நாட்டம்), லோகைஷணை (உலக நாட்டம்) ஆகிய மூன்றிலிருந்தும் எழுந்து வெளியேறி ஞானிகள் பிச்சை ஏற்று வாழ்கிறார்கள் என்கிறார். இங்கே லோகம் என்றால் என்ன? அதே உபநிடதத்தின் முன் பகுதியில் (1.5.16) விடை இருக்கிறது. உலகங்கள் மூன்று: மனிதர் உலகம் மகனால் வெல்லப்படுவது, பிதிரர் உலகம் சடங்கால், தேவர் உலகம் வித்தையால். சங்கரரும் இந்த வழியில்தான் உரை எழுதுகிறார். ஆக மூலத்தில் லோகைஷணை என்பது மறுமை உலகங்களை அடையும் ஆசை. புகழாசை என்ற பொருள் அந்த இடத்தில் இல்லை.

அப்படியானால் சொற்பொழிவாளர் தவறாகச் சொன்னாரா? முழுக்கத் தவறென்று சொல்வது நியாயமாகாது. இன்றைய இந்தியில் லோகைஷணா என்றால் புகழாசைதான், அந்த வழக்கு தமிழ் மேடைகளுக்கும் வந்திருக்கிறது. வேதாந்தத்துக்குள்ளேயே அதற்கு ஒரு பாலம் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் ஜீவன்முக்திவிவேகத்தில் 'லோகவாசனை' என்பதை விளக்குகிறார். ஊரார் யாரும் என்னை இகழக்கூடாது, எல்லாரும் புகழவேண்டும், அப்படித்தான் எப்போதும் நடந்துகொள்வேன் என்ற பிடிவாதம் அது என்கிறார். இங்கே லோகம் என்றால் உலகத்தார், சனங்கள். "உலகம் என்ன சொல்லும்" என்று நாம் பேசும்போது வரும் அதே உலகம். இந்த லோகவாசனையின் பொருள் மெல்ல லோகைஷணைமேல் ஏறியிருக்கலாம்; ஏறியது எப்போது, யார் கையால் என்று உறுதியாகக் காட்ட முடியாது, இது பொருத்தமான ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் நாம் எண்ணும் மூவாசை மண், பெண், பொன். அதில் புகழுக்கு இடமே இல்லை என்பதையும் பாருங்கள். ஏஷணைகள் மூன்றும் மூவாசையும் ஒன்றென்று கலந்து சொல்வது சரியாகாது.

விடவேண்டிய ஆசையா என்பதற்கு நூல்கள் ஒரே குரலில் பேசவில்லை. கீதை 17.18-இல் மரியாதைக்காகவும் பூசனைக்காகவும் பகட்டோடு செய்யும் தவம் ராஜசம், நிலைக்காது என்கிறது. அதே கீதை 2.34-இல், மதிக்கப்பட்டவனுக்கு அபகீர்த்தி சாவைவிடக் கொடியது என்று அர்ச்சுனனைக் குத்தி எழுப்புகிறது, 11.33-இல் "எழு, புகழை அடை" என்றே சொல்கிறது, சொல்லும் அங்கே யசஸ்தான். பர்த்ருஹரி நீதிசதகத்தில் பெரியோருக்கு இயல்பாகவே அமைந்த குணங்களை அடுக்கும்போது துன்பத்தில் துணிவு, செல்வத்தில் பொறுமை என்பவற்றோடு யசஸில் நாட்டத்தையும் சேர்க்கிறார். நம் புறநானூறு 182-ஆம் பாட்டோ "புகழெனின் உயிருங் கொடுக்குவர்" என்று அப்படிப்பட்டவர்களால்தான் உலகம் நிற்கிறது என்கிறது. துறவிக்குச் சொன்னதை இல்லறத்தாருக்கும், படிக்கிற பிள்ளைக்கும் அப்படியே ஏற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். என் கணிப்பில், கெட்டது என்று மரபு பிடித்துக்காட்டுவது, புகழுக்குரிய வேலையைச் செய்யாமல் புகழை மட்டும் வேண்டுவதை. தாமரைச் சூத்திரத்து மாணவனுக்குப் பாடம் நிற்காமல் போனது அதனால்தான்.

பெயருக்கு வருகிறேன். யசஸ்காமன் வேண்டாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை. 'இவனுக்குப் புகழ் வேண்டுமாம்' என்று பொருள்படும் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பானேன்? காளிதாசர் ரகுவம்சத்தின் தொடக்கத்தில் (1.3) தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'கவியச:ப்ரார்த்தீ' என்கிறார்: கவி என்ற புகழை வேண்டுகிற மந்தன் நான், உயரமானவன் பறிக்கும் பழத்துக்குக் கை தூக்கும் குள்ளனைப்போல் சிரிப்புக்கு ஆளாவேன் என்று அடக்கமாகப் பேசுகிறார். வேண்டுபவன் என்பது தன்னைத் தாழ்த்திச் சொல்ல ஏற்ற சொல். அதே காவியத்தில் இரண்டாம் சருக்கம் முதல் பாட்டில் திலீபன் விடியற்காலையில் முனிவரின் பசுவை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுகிறான். அவனுக்குக் கொடுக்கும் அடைமொழி 'யசோதன:'. யசஸ், தன, புகழையே செல்வமாகக் கொண்டவன். அரசன் மாட்டுக்காரனாக நிற்கும் அந்த வரியில் போய் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார் பாருங்கள். 'யசோதன்' என்ற பெயருக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டாம்.

வேறு வேண்டுமென்றால் 'யசஸ்வி'. 'வின்' என்ற ஈறு உடைமையைச் சொல்வது. தேஜஸ்வி, தபஸ்வி, மனஸ்வி போல. யசஸ்வி என்றால் புகழுடையவன், அது ஆண்பால் எழுவாய் வடிவம், பெண்பிள்ளைக்கு யசஸ்வினி. 'யசோதரன்' புகழைத் தாங்குபவன், ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தால் தமிழுக்கும் பழக்கமான பெயர். 'யசோவர்மன்' புகழைக் கவசமாகக் கொண்டவன். அங்கோரில் யசோதரபுரத்தை அமைத்த கெமர் மன்னன் பெயர், இந்த வட்டாரத்துக்கு உறவான பெயர்தான், ஆனால் கூப்பிட நீளம். தமிழிலேயே வைக்க மனம் வந்தால் 'ய' எழுத்துக்குத் தமிழில் சொற்கள் குறைவு, அங்கே நட்சத்திர எழுத்தைப் பார்ப்பவரிடம்தான் பேச வேண்டும். அது இலக்கணம் தீர்க்கும் காரியமில்லை.

ஜேபிஎன் என்ற தேசியப் பதிவுத் துறையில் பதியும்போது ஒரு கவனம். பிறப்புப் பத்திரத்தில் ரூமி எழுத்துத்தான், அதாவது மலாய்க்கு வழங்கும் ரோமன் எழுத்து, நெடில் குறி இல்லை. யசோதன் என்பதில் தகரம் மூச்சு சேர்ந்த 'த'. ரூமியில் 'டி' எழுத்துக்குப் பின் 'எச்' சேர்த்தால்தான் அது தகரமாக வாசிக்கப்படும், விட்டுவிட்டால் பள்ளியில் 'யசோடன்' என்று கூப்பிடுவார்கள். நடு எழுத்துக்கு 'எஸ்' மட்டும் போட்டால் மலாய் ஆசிரியர் 'யஸோ' என்பார். 'எஸ் எச்' போட்டால் 'யஷோ' என்பார். மூல ஒலிக்கு இரண்டாவது கொஞ்சம் கிட்ட வரும். யசஸ்வி வைத்தால் நடு எழுத்துக்கு 'எஸ் எச்', அடுத்ததற்கு 'எஸ்' மட்டும். இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். பாரத்தை நிரப்புமுன் ஒரு தாளில் எழுதி, வடமொழி தெரியாத நண்பர் இருவரிடம், ஒருவர் மலாய்க்காரராக இருந்தால் நல்லது, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிந்தபின் ஒரு எழுத்தை மாற்றுவதுகூட அலைச்சல்.